ஒரு கடலை இன்னொரு கடலில் கொட்டலாமா? கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீர்: அறிய வேண்டியவை

இந்திய எண்ணெய் முனையம் ஒன்றில் கச்சா எண்ணெயை இறக்கிவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பும் கப்பல் காலியாகப் போவதில்லை. எண்ணெய் இறங்க இறங்க, அது கடல்நீரை உறிஞ்சித் தனித் தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல் என்றால் இப்படி ஏற்றும் தண்ணீர் 90,000 டன் அளவுக்குக்கூட இருக்கும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஊற்றினால், ஏழாயிரம் லாரிகளுக்கு மேல் தேவைப்படும். வளைகுடாவில் மீண்டும் எண்ணெய் ஏற்றும்போது, இந்தத் தண்ணீரைக் கப்பல் அங்கே கடலில் விட்டுவிடும்.

கப்பல்காரர்கள் இதைப் ‘பேலஸ்ட்’ என்கிறார்கள். கப்பலைச் சாயாமல் நிறுத்துவதற்காக அடியில் ஏற்றும் பாரம் என்று பொருள். பார்ப்பதற்கு வெறும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் அதில் ஒரு துறைமுகத்தின் உயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாசிகள், நண்டு, சிப்பி, மீன் ஆகியவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும், நோய்க்கிருமிகள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு பயணம் செய்து, தமக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கடலில் இறங்குகின்றன. உலகில் ஆண்டுதோறும் நாடு விட்டு நாடு போகும் பேலஸ்ட் தண்ணீர் 300 கோடி முதல் 500 கோடி டன் வரை இருக்கும் என்பது மதிப்பீடு.

இந்தத் தண்ணீரால் மீன்வளம் அழிந்த கடல்கள் உண்டு. குடிதண்ணீருக்கு ஆபத்து வந்த நாடுகளும் உண்டு. நம் கடற்கரை ஊர்களிலிருந்து இன்றும் பல பிள்ளைகள் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். இன்னும் பல குடும்பங்கள் வளைகுடா நாடுகளில் வாழ்கின்றன. அந்த இரு வகையினரும் இதைப் பற்றித் தெரிந்திருப்பது நல்லது.

பாரம் ஏன் தேவை?

சுமை இறக்கிய கப்பல் தண்ணீரில் மிதமிஞ்சி உயர்ந்து நிற்கும். கப்பலைத் தள்ளும் புரொப்பல்லரும், திசை திருப்பும் சுக்கானும் போதிய ஆழத்தில் முழுகாது. பலத்த காற்று அதன் உயரமான பக்கத்தில் மோதித் தள்ளும். அலையில் முன்பகுதி எழும்பி எழும்பி அடிக்கும். நீளமான இரும்பு உடல் அலைமேல் வளைந்து நெளிவதால் விரிசல் விழும் அபாயமும் உண்டு. எனவே பேலஸ்ட் என்பது ஊழியர்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. அதை நிறுத்திவிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

பாய்மரக் காலத்தில் கல்லையும் மணலையும் அடியில் போட்டுக்கொண்டு போனார்கள். அதை ஏற்றவும் இறக்கவும் நிறைய ஆளும் நேரமும் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்புக் கப்பல்களும் நீராவிப் பம்புகளும் வந்தபின் தண்ணீரே பாரமாக மாறிவிட்டது. வேலை சுலபமானது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

தொட்டியில் ஏறும் உயிர்களில் பெரும்பாலானவை இருட்டிலும் வெப்பத்திலும் வழியிலேயே செத்துவிடும். பிழைத்து வெளியே வந்தாலும் புதிய கடலின் உப்பும் சூடும் ஒத்துக்கொள்ளாமல் பல அழியும். ஆனால் சில பிழைத்துக்கொள்ளும். சொந்தக் கடலில் அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் புதிய இடத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஓரினம் காலூன்றினால் கட்டுப்பாடின்றிப் பெருகிவிடும். தொட்டியின் அடியில் படியும் சேற்றில் சில பாசிகள் உறங்கும் வித்துகளாக நீண்ட காலம் கிடந்து, தக்க நேரம் வரும்போது முளைப்பதும் உண்டு.

கருங்கடலின் நெத்திலிக்கு வந்த கேடு

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு கருங்கடல். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த ‘நெமியோப்சிஸ்’ என்ற உயிரினம், பார்வைக்குச் சொறிமீன் போல இருக்கும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல். 1980களின் தொடக்கத்தில் அது கருங்கடலில் தென்பட்டது. கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில்தான் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1980களின் இறுதிக்குள் கடல் முழுக்கப் பெருகியது. நெத்திலிக் குஞ்சுகள் உண்ணும் நுண்ணுயிர்களை அது தின்றது. நெத்திலியின் முட்டைகளையும் விட்டுவைக்கவில்லை.

ஏற்கெனவே அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் மெலிந்திருந்த நெத்திலி வளம் அதன்பின் சரிந்துவிழுந்தது. துருக்கி முதல் அன்றைய சோவியத் கரை வரை மீனவர்களின் பிழைப்பு போனது. 1999இல் அதே உயிரினம் காஸ்பியன் கடலையும் எட்டி, அங்கும் சிறு மீன் வளத்தைக் குலைத்தது.

கருங்கடல் ஓரளவு மீண்டதற்குக் காரணம் மனித முயற்சி அல்ல. நெமியோப்சிஸைத் தின்னும் ‘பெரோயே’ என்ற இன்னொரு வெளியூர் உயிரினம் 1997இல் அங்கே வந்து சேர்ந்தது. அது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு கடலை விட்டுவைக்க முடியாது.

வளைகுடாவின் குடிதண்ணீர்

துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் வசிப்பவர்கள் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். ஆகவே அங்கே கடல் கெட்டால் மீன் கெடுவதோடு நிற்காது; குடிதண்ணீருக்கும் நெருக்கடி வரும்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது நேரில் தெரிந்தது. ஓமான் கடலோரம் ‘காக்லோடினியம்’ என்ற நுண்பாசி திடீரென்று பெருகி, கடல் செம்பழுப்பாக மாறியது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், கத்தார், ஈரான் கரைகளில் அது எட்டு மாதங்களுக்கும் மேல் நீடித்தது. ஆயிரக்கணக்கான டன் மீன்கள் செத்தன. பவளப்பாறைகள் சேதமடைந்தன. பாசி அடைத்துக்கொண்டதால் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் சிலவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது.

அந்தப் பாசி அவ்வளவு பெருகியதற்குக் கழிவுநீர் தரும் சத்துகள், கடல் நீரோட்டம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அது அங்கே வந்து சேர்ந்த வழிகளில் ஒன்றாகப் பேலஸ்ட் தண்ணீரையும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. எண்ணெய் இறக்குமிடத்தில் கப்பல் தண்ணீரை ஏற்றும். எண்ணெய் ஏற்றுமிடத்தில் தண்ணீரை இறக்கும். வளைகுடா உலகின் பெரிய எண்ணெய் ஏற்றுமிடம். அதனால் உலகின் பல துறைமுகங்களின் தண்ணீர் அங்கே வந்து சேர்கிறது. அந்தக் கடலின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 35 மீட்டர்தான். வெளிக்கடலோடு அதை இணைப்பது ஹோர்முஸ் என்ற ஒரே குறுகிய வாசல். உள்ளே வந்தது அத்தனை விரைவில் வெளியே போகாது.

எண்ணூரில் ‘காக்கா ஆழி’

நம் கரையிலும் ஒரு வெளியூர்ச் சிப்பி காலூன்றிவிட்டது. எண்ணூர் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டுப் பகுதியிலும் மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. மத்திய, தென் அமெரிக்கக் கரைகள்தான் அதன் தாயகம். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று பரவி, 2019இல் கேரளக் கழிமுகத்தில் பதிவானது. பின்னர் எண்ணூரிலும் பெருகியது.

உப்பு குறைந்த நீரிலும் கூடிய நீரிலும் அது வாழும். ஆற்றின் அடித்தரையில் கம்பளம் விரித்தாற்போலப் படர்ந்து மூடும். சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லாமல் போகும். உள்ளூர் மட்டிகள் மூச்சுமுட்டிச் சாகும். கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு, தடவிய இடமெல்லாம் கூர்மையான ஓடுதான் கிடைக்கும். மீனவர்களின் முறையீடுகளும் செய்திகளும் வந்தபின், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தப் பிரச்சினையை விசாரித்தது.

கண்டம் தாண்டி அந்தச் சிப்பியைக் கொண்டுவந்தது கப்பல்தான் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. பேலஸ்ட் தண்ணீரில் குஞ்சாக வந்திருக்கலாம். கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் இன்று அதை ஆற்றிலிருந்து வாரி எடுப்பது பெரும் வேலை. வாரிய பின்னும் மிஞ்சியவை மீண்டும் முட்டையிடும்.

காலத்தோடு கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் சாட்சி. கரீபியன் பகுதியைச் சேர்ந்த ‘மைட்டிலாப்சிஸ்’ என்ற சிறு சிப்பி இனம், 1999இல் அங்கே படகுத் துறைகளில் தென்பட்டது. அது பேலஸ்ட் தண்ணீரில் வரவில்லை. படகுகளில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்தத் துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்ததால் உடனே மூடி, தண்ணீரில் குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, சில வாரங்களில் அந்த இனத்தை முற்றிலும் ஒழித்தார்கள். அதே சிப்பி நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967இலேயே காணப்பட்டது. இன்றுவரை இந்தியக் கரையிலிருந்து அது போகவில்லை. டார்வினில்கூட உள்ளே இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே செத்தன. திறந்த கடலில் அந்த வைத்தியமும் செய்ய முடியாது.

நோய்க்கிருமியும் பயணம் செய்யும்

1991 ஜனவரியில் பெரு நாட்டில் காலரா வெடித்தது. ஒரு நூற்றாண்டாகத் தென் அமெரிக்கா மறந்திருந்த நோய் அது. சில ஆண்டுகளில் கண்டம் முழுவதும் பரவி, பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். பெருவுக்கு அது கப்பல் தண்ணீரில் வந்தது என்பது ஒரு கருத்து மட்டுமே, நிரூபிக்கப்பட்டதல்ல.

ஆனால் அடுத்து நடந்தது சோதனைக்கூடத்தில் உறுதியானது. அதே ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபைல் விரிகுடாவில், சிப்பிகளிலும் மீன் குடலிலும் தென் அமெரிக்க வகைக் காலராக் கிருமி கிடைத்தது. தொடர்ந்து அந்தப் பகுதித் துறைமுகங்களுக்கு வந்த 19 கப்பல்களைச் சோதித்தபோது, 5 கப்பல்களில் அதே கிருமி இருந்தது. காலராக் கிருமி கப்பலேறிக் கடல் தாண்டும் என்பது அதில் உறுதியானது.

உலகம் வகுத்த விதி

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004 பிப்ரவரியில் பேலஸ்ட் தண்ணீர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வரவே 13 ஆண்டுகள் பிடித்தன. 2017 செப்டம்பர் 8 முதல் அது அமலில் இருக்கிறது. உறுப்பு நாட்டின் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், உறுப்பினரல்லாத நாட்டின் கொடியைப் பறக்கவிட்டாலும் அதற்குச் சலுகை கிடையாது.

அதில் முதல் வழி, நடுக்கடலில் தண்ணீரை மாற்றுவது. கரையிலிருந்து குறைந்தது 200 கடல் மைல் தொலைவில், 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், துறைமுகத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஆழ்கடல் நீரை நிரப்ப வேண்டும். அது இயலாவிட்டால் 50 கடல் மைலாவது தாண்டியிருக்க வேண்டும். தண்ணீரில் 95 சதவீதமாவது மாற வேண்டும். கரையோர உயிர் ஆழ்கடலில் பிழைக்காது, ஆழ்கடல் உயிர் கரையோரத்தில் பிழைக்காது என்பதே இதன் கணக்கு. ஆழமற்ற வளைகுடாவுக்குள் இப்படி மாற்ற முடியாது. அதனால் வெளிக்கடலிலேயே மாற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று அப்பகுதியின் எட்டு நாடுகளும் சேர்ந்து 2009 நவம்பர் முதல் விதித்துள்ளன.

இந்த வழியில் இரண்டு குறைகள். அடியில் தங்கிய சேறு போவதில்லை. இன்னொன்று, கடலின் நடுவில் கப்பலின் பாரத்தை மாற்றுவது ஆபத்தான வேலை. 2006 ஜூலையில் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே, ‘கூகர் ஏஸ்’ என்ற கார் ஏற்றும் கப்பல் தண்ணீர் மாற்றும்போதே நிலைகுலைந்து 60 டிகிரி வரை சாய்ந்தது. உள்ளே 4,800க்கும் மேற்பட்ட வாகனங்கள். ஊழியர்கள் 23 பேரும் மீட்கப்பட்டார்கள். ஆனால் கப்பலைக் காப்பாற்ற ஏறிய நிபுணர் ஒருவர் சாய்ந்த தளத்தில் சறுக்கி விழுந்து உயிரிழந்தார்.

ஆகவே இரண்டாவது வழி: கப்பலிலேயே தண்ணீரைச் சுத்திகரிப்பது. உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் இந்தத் தரத்தை எட்டுவதற்கான கடைசி நாள் 2024 செப்டம்பர் 8 உடன் முடிந்துவிட்டது. வெளியேற்றும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள, உயிரோடிருக்கும் உயிரினங்கள் ஒரு கன மீட்டருக்கு 10க்கும் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 1,000 லிட்டரில் பத்துகூட இருக்கக் கூடாது. 10 முதல் 50 மைக்ரானுக்கு உட்பட்டவை ஒரு மில்லிலிட்டருக்கு 10க்கும் குறைவாக இருக்க வேண்டும். காலரா, ஈ-கோலை போன்ற கிருமிகளுக்கும் தனி வரம்பு உண்டு.

சுத்திகரிப்பு நம் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைப் போன்றதுதான், அளவுதான் பெரிது. முதலில் வடிகட்டி. பிறகு புற ஊதாக் கதிர். அல்லது கடல்நீரிலுள்ள உப்பில் மின்சாரம் செலுத்திக் குளோரின் உண்டாக்கிக் கொல்வது. குளோரின் மிஞ்சினால் அதுவே கடலுக்கு நஞ்சு. அதனால் வெளியேற்றும் முன் அதைச் செயலிழக்கச் செய்யும் மருந்து சேர்க்கிறார்கள். சேறு கலங்கிய ஆற்றுத் துறைமுகங்களில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கலங்கல் நீரில் கதிர் ஊடுருவாது. உப்பில்லா நீரில் குளோரின் உண்டாகாது. கருவியைப் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. அதைத் தெரிந்து இயக்கும் ஆள் வேண்டும்.

கப்பலில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

ஒவ்வொரு கப்பலும் அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட பேலஸ்ட் திட்டத்தையும், தண்ணீர் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எப்படிச் சுத்திகரிக்கப்பட்டது என்று எழுதும் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். கடைசிப் பதிவுக்குப் பின் 2 ஆண்டுகள் பதிவேடு கப்பலில் இருக்க வேண்டும். அதன்பின் 3 ஆண்டுகள் கம்பெனியின் பொறுப்பில் இருக்க வேண்டும். துறைமுக ஆய்வாளர் ஏறினால் முதலில் சான்றிதழையும் பதிவேட்டையும் பார்ப்பார். தேவைப்பட்டால் தண்ணீரையும் எடுத்துச் சோதிப்பார்.

ஓட்டைகளும் உண்டு. கருவி பழுதாகியிருக்கும், சரக்கு ஏற்ற அவசரமாக இருக்கும், நள்ளிரவில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பதிவேட்டில் வேறு எழுதச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த கேடட்டுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, விதியே உண்மையை எழுத இடம் தருகிறது என்பதுதான். தண்ணீரை மாற்றினால் கப்பலுக்கோ ஆட்களுக்கோ ஆபத்து என்று கேப்டன் நியாயமாகக் கருதினால், மாற்றாமல் போகலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுதினால் போதும். கருவி பழுதானால் அதைக் கொடி நாட்டுக்கும் துறைமுக நாட்டுக்கும் முன்கூட்டியே தெரிவித்து, மாற்று ஏற்பாடு கேட்க வழி உண்டு. உண்மையைச் சொன்ன கப்பலுக்குக் காத்திருப்பு நேரலாம். பொய்யான பதிவு பிடிபட்டால் தடுத்து வைப்பு, அபராதம், கையெழுத்திட்டவர் மீது வழக்கு வரை போகலாம். பதிவேடு ஓர் அமானிதம். அதில் கையெழுத்திடுபவர், தான் பார்த்திராத ஒரு கரையின் மீனவர்களுக்கும் சேர்த்தே பொறுப்பேற்கிறார்.

கரையில் இருப்பவர்கள் செய்யக் கூடியது

துறைமுகத்தில் இன்று என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற கணக்கு இல்லாவிட்டால், நாளை புதிதாக வந்ததை அடையாளம் காண முடியாது. 2000 முதல் 2004 வரை பேலஸ்ட் பிரச்சினைக்காக உலக அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாதிரித் துறைமுகங்களில் மும்பையும் ஒன்று. அங்கே அப்படிக் கணக்கெடுத்தார்கள். பெரியதும் சிறியதுமான எல்லாத் துறைமுகங்களிலும் அது தொடர்ந்து நடக்க வேண்டும். கப்பல் பழுதுபார்க்கும் இடங்களில், தொட்டியிலிருந்து வாரிய சேற்றைக் கடலில் தள்ளாமல் வாங்கிக்கொள்ளும் வசதியும் வேண்டும். அதையும் உடன்படிக்கையே கேட்கிறது.

புதிய சிப்பியை முதலில் பார்ப்பவர் விஞ்ஞானி அல்ல, வலையை இழுப்பவர். ‘இதை முன்பு பார்த்ததில்லையே’ என்று ஒரு மீனவர் சொன்னால், அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதே வாரத்தில் வந்து பார்க்கும் ஏற்பாடு மீன்வளத் துறையில் இருக்க வேண்டும். டார்வினில் சில வாரங்களில் முடிந்தது அந்த வேகத்தால்தான். கரையோர ஊர்களில் இருப்பவர்கள் வழக்கத்துக்கு மாறான சிப்பியையோ கடல்நீரின் நிற மாற்றத்தையோ கண்டால், படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

எண்ணெய் சிந்தினால் கடல் கறுக்கும். ஊரே கூடி அள்ளும். பல ஆண்டுகளில் அந்தக் கறை குறையும். உயிர் சிந்தினால் யாருக்கும் தெரியாது. அது குறைவதற்குப் பதில் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். கருங்கடலில் யாரும் அதை அள்ள முடியவில்லை. எண்ணூரிலும் அள்ளி மாளவில்லை. தொட்டிக்குள் இருக்கும்வரை அதை ஒரு வடிகட்டியும் ஒரு விளக்கும் தடுத்துவிடும். வால்வைத் திறந்த பிறகு தடுக்க எதுவும் இல்லை.